முதல் நம்பர், இரண்டாவது நம்பர்

மார்ச் 3, திங்கள்

கடையில் பழைய இருப்புப் பதிவேடு ஒன்று பாதிக்கு மேல் வெற்றுத்தாளாகக் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஐந்து வருடத்துக்கு முந்தையது, இனி யாரும் கேட்கப்போவதில்லை. போன் விஷயத்தை எல்லாம் இதில் எழுதி வைக்கப்போகிறேன்.

இரண்டு நாளாக என் போனுக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. நான் அருப்புக்கோட்டையில் ரேஷன் கடை விற்பனையாளர். என் கடையில் தொள்ளாயிரத்துப் பதினாறு கார்டு. அதில் பாதிப் பேரிடம் என் நம்பர் இருக்கிறது. "சரக்கு வந்துருச்சாக்கா?" என்று தினமும் நாற்பது பேராவது கேட்பார்கள். இரண்டு நாள் ஒருவரும் கேட்காதபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊர் திருந்திவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டேன்.

இன்று காலை என் வீட்டுக்காரர் போனுக்குத் தேன்மொழி மேடம் பேசினார். மதுரை ஆஸ்பத்திரியில் சிறுநீரக மாற்று ஆபரேஷனுக்குப் பதிந்தவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவர். வீட்டுக்காரர் போனை என்னிடம் நீட்டினார்.

"முதல் நம்பர் சண்முகவடிவுன்னு போட்டிருக்கு. அது ரெண்டு நாளா போகவே மாட்டேங்குது. சும்மா சரிபாக்கத்தான் கூப்பிட்டேன். நெஜமாவே கிட்னி வந்து கூப்பிட்டிருந்தா என்னம்மா செய்வீங்க?"

என் சிட்டு கம்பெனி சிம்முக்கு இருபத்தெட்டு நாள் ரீசார்ஜ் முடிந்துபோயிருக்கிறது. நான் மறந்துவிட்டேன். வெளியிலிருந்து வரும் அழைப்பையும் நிறுத்திவிட்டான்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு மூன்று வருடம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூளைச்சாவு அடைந்த யாருடையதாவது கிடைக்கும் என்று பதிந்து இரண்டு வருடம் நான்கு மாதம் காத்திருக்கிறோம். இப்போது ஓ பாசிட்டிவ் வரிசையில் மேலே வந்துவிட்டோமாம். கூப்பிட்டதும் பதில் சொல்ல வேண்டும், இரண்டு மணி நேரத்தில் மதுரையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவர் அடித்துப்போட்டது போலத் தூங்குவார். அதனால் முதல் நம்பராக என்னுடையதைக் கொடுத்தேன், இரண்டாவதாக அவருடையதை.

மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன். உடனே போய் ரீசார்ஜ் போட்டேன்.

மார்ச் 5, புதன்

செல்கடை பாண்டீஸ்வரனிடம் விசாரித்தேன். ககன் பெரிய கம்பெனி. மாதம் முடிந்த பிறகு பில் வரும், ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டும், நான் மறந்தாலும் அழைப்பு நிற்காது. சிட்டுவைப் போல நான்கு மடங்கு பணம்.

"ரெண்டுக்கும் டவர் ஒண்ணுதாக்கா" என்றான். "சிட்டுக்காரனுக்குச் சொந்தமா ஒரு கம்பிகூடக் கெடையாது. ககன்கிட்ட வாடகைக்கு வாங்கித்தான் நமக்கு விக்கிறான்."

"அப்ப எதுக்கு நாலு மடங்கு?"

"தேரு ஒண்ணுதான். ககன்காரன் சாமி மாதிரி மேல ஒக்காந்து வருவான். சிட்டுக்காரன் வடத்தப் புடிச்சுக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து வருவான். கூட்டமில்லாத நாள்ல வித்தியாசமே தெரியாது. கூட்டம் கூடுச்சுன்னா மொதல்ல ககனுக்குத்தான் வழி."

எந்தப் பஞ்சாங்கத்தில் மாதத்துக்கு இருபத்தெட்டு நாள் என்று கேட்டேன். "பிப்ரவரில" என்றான். வாய்க்கு மட்டும் குறைவில்லை.

நான்கு மடங்கு என்றால் யோசிக்கத்தான் வேண்டும். சோதித்துப் பார்க்காமல் மாறக்கூடாது. ஒரு ககன் சிம்மை ஒரு மாதத்துக்கு வாங்கி வந்திருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

கடை லீவு என்பதால் டயாலிசிஸுக்கு நானும் போனேன். அவர் ஆறாம் படுக்கை. ஏழாம் படுக்கையில் ஆசீர்வாதம். முன்பு மைக்செட் கடை வைத்திருந்தவர். அவருக்கும் ஓ பாசிட்டிவ்தான், எங்களுக்கு ஒரு மாதம் பின்னால் பதிந்தவர். கையில் பட்டன் போன், அதில் சிட்டு சிம்.

"ஆசீர் அண்ணே, இன்னும் இந்தப் போனா? உங்க உசுரு இருபத்தெட்டு நாளைக்கு ஒருக்க ரீசார்ஜ்ல தொங்குது, தெரியுமா?" என்றேன்.

"ரூபி காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா மதினி. சம்பளத் தேதி மறந்தாலும் அத மறக்க மாட்டா."

"நாங்க ககனுக்கு மாறப்போறோம்."

"மாறுங்க மாறுங்க. ஒங்களுக்கு முன்னாடி வந்தாத்தான நம்ம நம்பர் நகரும்" என்று சிரித்தார். அவர் மனைவி ரூபி காலடியில் உட்கார்ந்து பைபிள் வாசித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவளும் சிரித்தாள்.

இவர் சிரிக்கவில்லை. விட்டத்தைப் பார்த்தபடி, "யாருக்கு மொதல்ல வந்தா என்ன" என்றார்.

நாலாம் படுக்கைக்கு இப்போது புது ஆள் வந்திருக்கிறார். அங்கே இருந்த கணேசமூர்த்திக்கு ஜனவரியில் சிறுநீரகம் கிடைத்தது. எல்லாருக்கும் டாட்டா காட்டிவிட்டுப் போனார். பத்தொன்பதாம் நாள் கிருமி தொற்றி இறந்துபோனார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் சோதனை. அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் என் போனையும், ககன் சிம் போட்ட பழைய போனையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய் அவரைக் கூப்பிட்டேன். அடுப்படியில் இரண்டும் போகிறது. குளியலறையில் ககன் தெளிவு, சிட்டு கரகரப்பு. மாடிப்படிக்குக் கீழே இரண்டுமே விட்டுவிட்டுக் கேட்கிறது. ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதினேன்.

"பத்தொம்போது வருஷம் மினி பஸ் ஓட்டிருக்கேன். இம்புட்டு ட்ரிப் ஒரு நாளும் அடிச்சதில்ல" என்றார் அவர். பிறகு, "வந்துரும்னு நெனைக்கிறியா வடிவு?" என்று கேட்டார்.

"வராமப் பின்ன? மேல வந்துட்டோம்னு மேடமே சொல்லிட்டாங்களே."

"ம்" என்றார். தண்ணீர் கேட்டார். டாக்டர் சொன்ன ஒரு நாள் தண்ணீர் அளவில் அரை டம்ளர்தான் மிச்சம் இருந்தது, கொடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

கடையில் தராசுக்குப் பக்கத்தில் ககன் நான்கு கோடு, சிட்டு மூன்று. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இரண்டுக்கும் ஒரு கோடுகூட இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

பங்குனிப் பொங்கல். கோயிலைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம். நான் அக்கினிச்சட்டி பார்க்க மட்டும் போகவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். இரண்டு போனையும் இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். சிட்டுவிலிருந்து ஏழு முறை கூப்பிட்டேன், ஒரு முறைதான் போனது. ககன் ஏழுக்கு ஏழு. பாண்டீஸ்வரன் சொன்னது சரிதான்.

கிட்னி என்ன திருவிழா பார்த்தா வரும். தேர் நாளில்கூட வரலாம். ககனுக்கே போகிறோம். அவருக்குச் சிட்டுவே போதும். அவர் வீட்டில்தானே இருக்கிறார், இரண்டாவது நம்பர்தானே.

ஏப்ரல் 2, புதன்

என் பழைய நம்பரையே ககனுக்கு மாற்றினார்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை போன் செத்துக் கிடந்தது. முன்கூட்டியே மேடத்துக்குச் சொல்லியிருந்தேன். அந்த இரண்டே முக்கால் மணி நேரம் கைரேகை மிஷினில் யார் விரலை வைத்தார்கள், யாருக்கு என்ன போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. ஒருவருக்குச் சீனி இரண்டு தடவை போட்டுவிட்டேன். நல்ல மனுஷி, திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கொடுத்த பணம் வீண் இல்லை. ககனில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே நம்பரிலிருந்து பல பேருக்குப் போன் போட்டிருந்தால், அந்த நம்பர் வரும்போது திரை சிவப்பாகி, 'சந்தேக அழைப்பு' என்று காட்டுகிறது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்கிறவர்கள் எல்லாரும் சிவப்பில்தான் வருகிறார்கள். எடுக்காமலே கட் செய்துவிடலாம். மேடத்தின் நம்பருக்குத் தனி மணி வைத்திருக்கிறேன். கோயில் மணி போல அடிக்கும். அதைத் தவிர மற்றதுக்கெல்லாம் பதற வேண்டியதில்லை.

சாப்பிடும்போது அவர், "ஆபரேஷன்னா எம்புட்டு நேரம் மயக்கத்துல இருக்கணும்?" என்று கேட்டார். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

நாளை பெரிய வெள்ளி, கடை கிடையாது. இன்றுதான் பாமாயில் வந்தது. கேட்கவா வேண்டும். ஒன்பது மணிக்கே வரிசை தெருமுனை வரை. மிஷின் வேறு நெட்வொர்க் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. போன் ஓயவில்லை. "பாமாயில் இருக்கா, தீந்துருச்சா?" சிவப்பிலும் இரண்டு வந்தது, இரண்டையும் கட் செய்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போட்டு முடிக்க மணி இரண்டரை.

வீட்டுக்கு வந்தால் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வாய் கசக்கிறது என்றார். ரசம் வைத்துக் கொடுத்தேன். அவர் போன் அடுப்படி அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் அணைந்து கிடந்தது. சார்ஜ் போயிருச்சு என்றார். எடுத்துச் சார்ஜில் போட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

ஏழாம் படுக்கை காலி. நர்ஸ் பிரேமா வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். "ஆசீர் அண்ணனுக்கு கெடச்சிருச்சுக்கா. நேத்து மத்தியானம் போன் வந்துச்சாம். ராத்திரியே ஆபரேஷன் முடிஞ்சு நல்லா இருக்காராம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்களுக்குப் பின்னால் பதிந்தவருக்கு எப்படி முன்னால் வரும் என்று கேட்டேன். ரத்தப் பொருத்தம் அவருக்குச் சரியாக இருந்திருக்கும் என்றாள் பிரேமா.

இவர் எதுவும் கேட்கவில்லை. ஊசி போட்டு முடித்ததும் காலி படுக்கைக்கு முதுகு காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊசிக்கை அந்தப் பக்கம் வராது, நேராகப் படுங்கள் என்று பிரேமா அதட்டிய பிறகுதான் நேரானார். டயாலிசிஸ் அட்டையில் உடம்புச் சூடு தொண்ணூற்றெட்டு, ரத்த அழுத்தம் மட்டும் கூட.

ஏப்ரல் 19, சனி

போர்வை இரண்டு, தலையணை உறை நான்கு துவைத்தேன். வெயில் நல்ல வெயில்.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் போனில் வியாழக்கிழமை வந்த அழைப்புகளைப் பார்த்தேன். பதினொன்று பன்னிரண்டு. பதினொன்று பதினாறு. இரண்டும் சிவப்பு, ஒரே நம்பர், மதுரை.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். "சிறுநீரக மாற்றுப் பிரிவு, வணக்கம்" என்று ஓர் ஆண் குரல் வந்தது. கட் செய்துவிட்டேன்.

பிறகு துவரம்பருப்பு மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ பொட்டலமாகப் போட்டேன். ஐம்பது பொட்டலம்.

ஏப்ரல் 24, வியாழன்

சொல்லவில்லை. நேற்றே சொல்லலாம் என்றிருந்தேன். அவர் அசந்து தூங்கினார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முருங்கைக்கீரை அவருக்கு ஆகாது. எனக்கு மட்டும் எதற்கு என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மேடத்தின் ஒரு நம்பருக்கு மட்டும் மணி வைத்தவளை என்ன சொல்வது. இரண்டரை வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்துவிட்டு, வந்த அழைப்பைப் பாமாயிலுக்காக என் கட்டைவிரலால் தள்ளிவிட்டேன்.

மே 6, செவ்வாய்

அவர் டயாலிசிஸ் முடிந்து வந்து வாந்தி எடுத்தார். துடைத்தேன். போன் மணி அடித்தால் இப்போது அவருக்கும் உடம்பு தூக்கிப்போடுகிறது. என் பதற்றம் அவரையும் பிடித்துக்கொண்டதோ என்று தோன்றுகிறது.

மே 10, சனி

ரூபி கடைக்கு வந்தாள். அவளுக்கு என் கடையில்தான் கார்டு. மூன்று வாரமாக மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்து இருக்கிறார்கள். அரிசி வாங்கிக்கொண்டு போக வந்தேன் என்றாள். முகமே வேறு முகமாக இருந்தது.

"நல்லா இருக்காரு மதினி. தண்ணி குடிங்க, தண்ணி குடிங்கன்னு டாக்டரு திட்டுறாரு. ஒரு சொட்டு கூடக் குடிச்சுட்டா நாந்தான் திட்டிக்கிட்டு இருந்தேன், ஞாபகம் இருக்கா?"

விரலை வைக்கச் சொன்னேன். மிஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன்.

"ஒண்ணு சொல்றேன் மதினி, யார்ட்டயும் சொல்லாதீக. எங்களுக்கு முன்னாடி கூப்பிட்டவங்க யாரோ வரலியாம். யாருன்னு சொல்ல மாட்டேனுட்டாக. அவங்க வீட்ல மனசு என்ன பாடு படுதோ. தெனமும் அவங்களயும் ஜெபத்துல வைக்கிறோம். கர்த்தர் அவங்களுக்கும் சீக்கிரம் ஒண்ணு குடுக்கணும்."

"குடுப்பாரு" என்றேன். இருபது கிலோ அரிசியை நிறுத்தேன். ஐம்பது கிராம் கூட நின்றது. எடுக்காமல் விட்டேன். அவள் போன பிறகு கடையை உள்பக்கம் சாத்திக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "சீனி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மே 14, புதன்

அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மேடத்திடமாவது சொல்லிவிடலாம், வராதவர்கள் என்று பெயரைக் கீழே இறக்கிவிடாமல் இருக்கக் கெஞ்சலாம் என்று லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனேன். அவரிடம் கூட்டுறவு ஆபீஸில் மீட்டிங் என்று சொன்னேன்.

பாமாயில் வந்த அன்று மேடம் விடுப்பில் இருந்தாராம். வேறு ஒரு டாக்டர்தான் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பாமாயில், சிவப்பு, கட்டைவிரல். மேடம் பதிவேட்டைத் திருப்பி என் வீட்டுக்காரர் பெயரைத் தேடினார்.

"பெருமாள்சாமி... இந்தா. பதினொன்னு பன்னெண்டு, முதல் நம்பர், கட். பதினொன்னு பதினாறு, முதல் நம்பர், கட். பதினொன்னு இருபத்தொன்னு, ரெண்டாவது நம்பர்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எடுத்துருக்காரேம்மா. மூணு நிமிஷம் பேசிருக்காரு. ரெண்டு நாளா காய்ச்சல், வர முடியாதுன்னு சொல்லிருக்காரு. காய்ச்சல் இருந்தா ஆபரேஷன் பண்ண முடியாது. அதான் அடுத்தவங்களக் கூப்பிட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.

மேடம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காய்ச்சல்தானாம்மா? சில பேரு பயத்துல அப்பிடிச் சொல்லுவாங்க. தப்புன்னு சொல்லல. ஆனா விருப்பம் இல்லாதவர வரிசையில வச்சிருக்கக் கூடாது. இருக்காரா இல்லையான்னு இருபதாம் தேதிக்குள்ள அவர் வாயால சொல்லச் சொல்லுங்க."

காய்ச்சல் இல்லை. மறுநாள் அட்டையில் எழுதியிருந்ததை நானே பார்த்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் முதலில் வந்தது. நான் கெடுக்கவில்லை, நான் இல்லை என்று கல்குறிச்சி வரை மனசு சொல்லிக்கொண்டே வந்தது. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து எதுவும் கேட்கவில்லை. மீட்டிங் எப்படி என்று கேட்டார். நல்லா இருந்தது என்றேன்.

மே 15, வியாழன்

காலையில் இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். முதலில் என்னுடையதைச் சொன்னேன். சிவப்பில் இரண்டு முறை வந்தது ஆஸ்பத்திரி அழைப்புதான், தெரியாமல் கட் செய்துவிட்டேன் என்றேன். அவர் கை இட்லியிலேயே நின்றது.

"இந்த ஒரு மாசமா அதத்தான் நெஞ்சுல வச்சிக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

"ஒம்மேல தப்பு இல்ல வடிவு."

"தெரியும். நேத்து மதுரைக்குத்தான் போனேன். பதிவேட்டப் பாத்துட்டேன்."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"போன எடுத்தேன். ஒடனே கெளம்பி வர முடியுமான்னு கேட்டாக. எனக்கு கணேசமூர்த்தி மொகந்தான் வந்துச்சு. சிரிச்சிக்கிட்டேதான போனான். பத்தொம்போது நாளு. இந்த ஊசி, இந்தப் படுக்கை எல்லாம் பழகிருச்சு வடிவு. எம்புட்டு கஷ்டம்னு தெரியும். அது என்னன்னே தெரியாது. வாயில காய்ச்சல்னு வந்துருச்சு. நானா நெனச்சுச் சொல்லல."

"வச்சதும் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிடத்தான் எடுத்தேன். கூப்பிட்ருவோமோன்னு பயந்துதான் அணைச்சு டப்பாக்குப் பின்னால வச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னவெல்லாமோ பேசினேன். குளிக்கும்போதுகூடப் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடியில் தொங்கவிட்டேன், ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, மகளுக்குப் பிரசவம் ஆனபோது திருப்பூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. "செத்துப் போறதுன்னா சொல்லிட்டுச் செத்துப் போங்க, எனக்கெதுக்கு இந்த வேல" என்று கத்தினேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கடைக்கு இருபது நிமிடம் தாமதம். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். திட்டட்டும்.

மே 16, வெள்ளி

இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்றேன். ம் என்றார். டயாலிசிஸுக்குச் சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தோம்.

மே 18, ஞாயிறு

மத்தியானம் அவராகவே ஆசீர்வாதத்துக்குப் போன் போட்டார். சிட்டுவிலிருந்து சிட்டுவுக்கு. நான் அடுப்படியில் இருந்தேன், இவர் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

"வலி எப்பிடி இருந்துச்சு... பொய் சொல்லாத... ம்... மொத ரெண்டு நாளா... பயந்தியா? ... நெஜமாவா? பாத்ரூம்ல ஒக்காந்து அழுதியா? நீயா?" இவர் சிரித்தார். பிறகு குரல் சட்டென்று இறங்கியது. "ஒண்ணுக்கு வந்துச்சா? ... தானாவா? ... எம்புட்டு?"

மூன்று வருடமாக இவருக்கு அது கிடையாது. சிறுநீரகம் போனவர்களுக்கு அதுவும் நின்றுவிடும். அதைப் பற்றி யாரிடம் போய்ப் பேசுவார். ஆசீர் அந்தப் பக்கம் என்ன அளவு சொன்னாரோ, இவர் "அம்மாடி" என்றார். நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒரு முறைகூட லைன் அறுந்துபோகவில்லை.

வைத்த பிறகு, ஆஸ்பத்திரியில் முதலில் உங்களைத்தான் கூப்பிட்டார்கள் என்று ஆசீரிடம் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. ரூபி ஜெபத்தில் வைக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். நம்மளையா என்றார். பேர் தெரியாமல்தான் என்றேன்.

மே 19, திங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் பக்கத்தில் நின்றார், ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மேடம், நம்பர் வரிசைய மாத்தணும். மொத நம்பரா அவரோடதப் போடுங்க. என்னோடது ரெண்டாவது."

"ஒங்களோடது ககன்தானம்மா, அதுதான நல்லா எடுக்கும்?"

"எடுக்கும் மேடம். ஆனா வர்றீங்களான்னு கேக்குற கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது."

"சார் இருக்காரா?" என்றார் மேடம்.

"இருக்கேன்" என்றார் அவர்.

"கூப்பிட்டா வருவீங்களா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பயமாத்தான் இருக்கு மேடம்" என்றார். "ஆனா எடுப்பேன். வருவேன்."

"சரி. ஒங்க நம்பரச் சொல்லுங்க, மேல எழுதிக்கிறேன்."

அவர் நம்பர் அவருக்குச் சரியாக வராது, எப்போதும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஆறாவது எண்ணில் குரல் நின்றது. எனக்கு அந்த நம்பர் தூக்கத்திலும் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். நெற்றியைச் சுருக்கி யோசித்து, மீதி நான்கையும் அவரே சொன்னார்.